காது குத்தாத சாட்சி

முதல் வெட்டு காசிமாயனின் இடது முழங்கைக்குக் கீழே விழுந்தது. இரண்டாவது வெட்டு அவருக்குப் பின்னால் நின்ற ஜீப்பின் கதவில் விழுந்து தகரத்தைக் கிழித்தது. மூன்றாவது விழுவதற்குள், மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போகக் காத்திருந்த பெண்கள் ஐம்பது பேர் கூச்சல் போட்டுக்கொண்டு கையிலிருந்த தூக்குவாளிகளை வீச ஆரம்பித்துவிட்டார்கள். காலை ஏழு மணிக்குப் போடி ஜீப் ஸ்டாண்டில் ரத்தமும் சாம்பாரும் ஒன்றாக ஓடின.

இதையெல்லாம் நான் டீக்கடை பெஞ்சுக்கு அடியில் படுத்துக்கொண்டு வீரமாகப் பார்த்தேன். பெயர் ஜெகதீஷ். கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன். ஆளாளுக்குக் கையில் செல்போன் வந்த பிறகு, மகாராணி துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். நிலையம் என்றால் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, ஒரு மேஜை, வெளியே ஒரு ஆம்னி வேன். மகாராணி அக்கா இருபத்திரண்டு வருஷம் போலீசில் ஏட்டாக இருந்து, மேலதிகாரி ஒருவரைக் கன்னத்தில் அறைந்துவிட்டு வெளியே வந்தவர். அந்தக் கையை எனக்கும் தெரியும்.

வெட்டியவன் அருள்பாண்டி. ராசிங்காபுரத்தில் நிலபுலம் உள்ள பெரிய சம்சாரி பாண்டித்துரையின் ஒரே மகன். முப்பத்து மூன்று வயசுக்குள் மூன்று அடிதடி வழக்கு. 'ஆளை வெட்டுவான், ஆனா ஊர்ல கெடா வெட்டுன்னா மதுரைக்கு ஓடிருவான்' என்று டீக்கடையில் அவனைக் கிண்டல் பண்ணுவார்கள், அவன் இல்லாதபோது.

காசிமாயன் ஓடவில்லை. அறுபது வயசு ஆள், வெட்டுப்பட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தேனி பஸ்ஸுக்காக ஓரமாக நின்ற ஒரு பெண்ணையே பார்த்தார்.

"பாப்பா, நீ அன்னைக்கு அங்க இல்லவே இல்லத்தா," என்றார்.

அதற்குள் பெண்கள் அவரை இழுத்து, கிளம்பிக்கொண்டிருந்த ஒரு ஜீப்பில் மூட்டையைத் தூக்கிப் போடுவதுபோல் போட்டார்கள். ஜீப் போடிமெட்டு ரோட்டில் பறந்தது. அருள்பாண்டி அரிவாளைத் துடைத்துக்கொண்டு, "எங்க போயிருவான், மலையிலதான கெடக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் எங்கள் அறையில் உட்கார்ந்திருந்தாள்.

"என் பேரு சிவரஞ்சனி. தேனியில தனியார் ஆஸ்பத்திரியில நர்ஸா இருக்கேன். வெட்டுப்பட்டது எங்கப்பா. வெட்டுனது எங்க மாமா மகன்."

மகாராணி அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தார். "மாமா மகன் எதுக்குத்தா உங்கப்பனை வெட்டணும்?"

"எனக்கு மூணரை வயசா இருக்கும்போது எங்கம்மா கற்பகத்தை எங்கப்பா வெட்டிக் கொன்னாரு. போடிமெட்டுக்கு அங்குட்டு, ஏலக்காய் காய வைக்கிற ஸ்டோர்ல. நான் வாசல்ல நின்னு பாத்தேன். அஞ்சு வயசுல கோர்ட்ல வந்து சொன்னேன். ஆயுள் தண்டனை குடுத்தாங்க. பதினாறு வருஷம் உள்ள இருந்துட்டு, அப்புறம் மேலேயே ஒரு எஸ்டேட்டுல அடுப்புக்கு வெறகு தள்ளிக்கிட்டு இருந்தாரு. இன்னைக்குத்தான் என்னையத் தேடிக் கீழ வந்தாரு."

"சரி. என்ட்ட என்ன சோலி?"

"மாமா ஆளுக இப்ப மேல தேடிப் போறாங்க. சாயங்காலத்துக்குள்ள முடிச்சிருவாங்க. போலீசுக்குச் சொல்லிட்டேன். ஆனா அந்த மலையில ஒவ்வொரு ஸ்டோரா தேடுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். நான் 'வேண்டாம் மாமா'ன்னு ஒரு வார்த்தை சொன்னா அவரு நிறுத்திருவாரு. என்னைய வளத்தவரு. என் பேச்சைத் தட்ட மாட்டாரு." அவள் விரல்களைப் பின்னிக்கொண்டாள். "சொல்லணுமா வேண்டாமான்னு தெரியலக்கா. எங்கம்மாவைக் கொன்ன ஆளை நான் ஏன் காப்பாத்தணும்? ஆனா அங்க நான் இல்லவே இல்லைங்குறாரு. என் கண்ணால பாத்தது எப்படிக்கா இல்லாமப் போகும்?"

ஆக, ஒரு மனுஷன் சாயங்காலம் உயிரோடு இருப்பதும் இல்லாததும் ஒரு மூன்றரை வயசுக் குழந்தை என்ன பார்த்தது என்பதில் போய் நிற்கிறது. எனக்கு நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டேன் என்பதே நினைவில்லை. அதைச் சொன்னேன். அக்கா முறைத்தார்.

"வாயை மூடிக்கிட்டு மூணு டீ கொண்டா."

வெள்ளிக்கிழமை பூஜை முடித்து மேஜையில் வைத்திருந்த சந்தனக் கிண்ணத்தை நகர்த்த மறந்து, டீயை அதன் பக்கத்திலேயே வைத்தேன். சிவரஞ்சனி ஏலக்காய் மணக்கும் டீயை ஊதி ஊதி ரசித்துக் குடித்தாள். பாதி குடித்தவள் கிண்ணத்தைக் கவனித்தாள். முகம் வெளுத்தது. வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி, படிக்கட்டில் வாந்தி எடுத்தாள்.

"நர்ஸம்மா, அறுத்த வயித்தைப் பாக்குறவங்க சந்தனத்துக்கா பயப்படுறீங்க?" என்றேன், தண்ணீர் கொடுத்தபடி.

"சின்னதுலருந்தே ஆகாதுண்ணே."

மகாராணி அக்கா கிண்ணத்தை எடுத்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அன்னைக்குப் பாத்ததைச் சொல்லு. கோர்ட்டுல சொன்னதை இல்ல. மனசுல இருக்கிறதை."

"வெள்ளை வேட்டி. மேல சட்டை இல்லாத ஆளு. அரிவா மேல போகுது. கீழ வருது. ரத்தம் பீச்சி அடிக்குது. அம்மாவோட பச்சைச் சேலை. ஒரே பொகை. நான் கத்துறேன், என்னைய யாரோ இடுப்போட இறுக்கிப் புடிச்சிருக்காங்க. தலையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு. ரெண்டு காதும் நெருப்பா எரியுது."

"வெட்டுற ஆளு மூஞ்சி?"

"அப்பா."

"மூஞ்சியைப் பாத்தியா, அப்பான்னு தெரியுமா?"

அவள் யோசித்தாள். "தெரியும்."

"பச்சைச் சேலைன்னு யாரு சொன்னா?"

"மாமா. கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி தெனம் சொல்லுவாரு, மறந்துறக் கூடாதுன்னு."

"தலை ஜில்லுன்னு இருந்துச்சுன்னு யாரு சொன்னா?"

"அது யாரும் சொல்லல. நானும் யாருட்டயும் சொன்னதில்ல."

"காது எரிஞ்சது?"

"அதுவும்தான்."

"அப்ப அது ரெண்டுதான் உன்னோடது. மத்ததெல்லாம் அடுத்தவன் சரக்கு. அம்மாவை ஏலக்காய் ஸ்டோர்ல வெட்டுறதைப் பாத்த பிள்ளை, இருபத்தெட்டு வருஷம் கழிச்சு ஏலக்காய் டீயை ரசிச்சுக் குடிக்குது. சந்தனத்தைக் கண்டா ஓடுது. அம்மா போட்டோ இருக்கா?"

சிவரஞ்சனி பர்சுக்குள்ளிருந்து எடுத்தாள். ஸ்டூடியோவில் எடுத்தது. பின்பக்கம் முத்திரையும் தேதியும் இருந்தன. கற்பகம் செத்ததற்கு ஒரு வாரம் முன்னால். மடியில் குழந்தை, உச்சியில் குடுமி போட்டு, நெற்றியில் பெரிய பொட்டு வைத்து.

இப்போது நான் பேச வேண்டிய நேரம். அக்காவுக்குக் கொலை தெரியும், எனக்குக் காதுகுத்து தெரியும். "இந்தப் பிள்ளைக்குக் காதே குத்தல. முடியும் இறக்கல. மொட்டை போட்டு, தலையில சந்தனம் அப்பி, ஜில்லுன்னு ஆக்கி, தாய்மாமன் மடியில உக்கார வச்சு ரெண்டு காதுலயும் குத்துவாங்க. அப்புறம் கெடா வெட்டு. நான் எடுத்த இருநூறு காதுகுத்துலயும் இதே வரிசைதான். நர்ஸம்மா கொலையைப் பாக்கலக்கா, தன்னோட காதுகுத்தைப் பாத்திருக்கு."

"சாவு, துட்டின்னு விழுந்த வீட்டுல ஒரு வருஷத்துக்கு விசேஷம் வைக்க மாட்டாங்க," என்றார் அக்கா. "அப்ப காதுகுத்து, கொலைக்கு ஒரு வருஷத்துக்குப் பெறகு."

"இன்னொண்ணும் இருக்கு," என்றேன். "எங்கம்மா முப்பது வருஷம் மலைக்குப் போனவ. மலைச்சோலிக்குப் போற சனம், காது குத்தாத பிள்ளையைப் போடிமெட்டு தாண்டிக் கூட்டிட்டுப் போகாது. காத்து கருப்பு அண்டிரும்னு பயம். என்னையே காது குத்துற வரைக்கும் கீழ பக்கத்து வீட்டுல விட்டுட்டுத்தான் போவா. பாண்டித்துரை வயக்காட்டு ஆளு, மலையேறி வேலை பாத்த குடும்பம் இல்ல. அவருக்கு இது தெரியாது. அதான் காது குத்தாத பிள்ளையைக் கொண்டுபோய் ஸ்டோர் வாசல்ல சாட்சியா நிறுத்திட்டாரு. மதுரைலருந்து வந்த வக்கீலுக்கும் தெரியாது, ஜட்ஜுக்கும் தெரியாது."

சிவரஞ்சனி தன் காது மடலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "மாமா தப்பா நெனச்சிருக்கலாம்ல? நான் பாத்தேன்னு அவரு நம்பியிருக்கலாம்ல?"

"நம்புனாரா, நம்ப வச்சாரான்னு பாப்போம்," என்றார் அக்கா. "அந்தக் காதுகுத்துக்கு வீடியோ எடுத்தது யாருடா?"

அந்தக் காலத்தில் ராசிங்காபுரம் சுற்று வட்டாரத்தில் வீடியோ என்றால் ஒரே ஆள்தான். எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த விஜயபாண்டி மாஸ்டர்.

மாஸ்டர் வீட்டில் ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி நிறையக் கேசட். வாங்க வராதவர்களின் கேசட்டைக்கூடத் தூக்கிப் போடாத மனுஷன். பாண்டித்துரை வீட்டுக் காதுகுத்து அப்படி ஒன்று.

"பாட்டுக் கலந்து குடுக்குறேன்னேன். வந்து வாங்கவே இல்லப்பா," என்றபடி பழைய டெக்கில் கேசட்டைச் செருகினார். டிவி ஓரத்தில் தேதி ஓடியது. 1997 ஜூன். கற்பகம் செத்து ஒரு வருஷம் இரண்டு மாசம்.

குலசாமி கோயில். மொட்டைத் தலையில் மஞ்சளாகச் சந்தனம் வழிய, ஒரு குழந்தை பாண்டித்துரையின் மடியில். ஆசாரி காதில் குத்தியதும் வீல் என்று கத்தியது. பாண்டித்துரை எழுந்து குழந்தையைத் தன் மனைவியிடம் கொடுத்தார். அந்த அம்மாள் இடுப்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பாண்டித்துரை சட்டையைக் கழற்றினார். வெள்ளை வேட்டி, வெறும் மார்பு. பூசாரி சாம்பிராணிப் புகையோடு ஒதுங்கினார். அரிவாள் மேலே போனது. கீழே வந்தது. கிடாவின் தலை துள்ளி விழுந்து, கழுத்திலிருந்து ரத்தம் கேமரா கண்ணாடி வரைக்கும் அடித்தது.

என் பக்கத்தில் சிவரஞ்சனியின் உதடுகள் மட்டும், வெள்ளை வேட்டி, வெள்ளை வேட்டி என்று அசைந்தன.

படம் நிற்கவில்லை. பாண்டித்துரை ரத்தக் கையோடு குழந்தைக்கு முன்னால் வந்து குந்தினார். பாட்டுக் கலக்காத டேப் என்பதால் குரல் தெளிவாகக் கேட்டது.

"பாத்தியா பாப்பா? இப்படித்தான் உங்கம்மாவ வெட்டுனான். யாரு வெட்டுனா?"

குழந்தை விக்கியது. "மாமா."

பளார் என்று ஒரு அறை. சந்தனம் தெறித்தது.

"அப்பா. சொல்லு. யாரு வெட்டுனா?"

"அப்பா."

"இன்னொருவாட்டி."

"அப்பா."

சிவரஞ்சனி எழுந்து வெளியே போய்விட்டாள். யாரும் தடுக்கவில்லை. எனக்கு அந்த ஆளின் கழுத்தை நெரிக்கலாம் போல் இருந்தது. மகாராணி அக்கா மட்டும் டேப்பைப் பின்னால் ஓட்டச் சொல்லி, கிடா வெட்டையே மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கெடா ஒவ்வொரு தடவையும் சாகத்தான் செய்யும்."

"கெடாவைப் பாக்காதடா. அந்தா, பலூன் வச்சிருக்கிற பையனைப் பாரு."

ஆறு வயசுப் பையன். அரிவாள் மேலே போன கணத்தில் பலூனை விட்டுவிட்டு, டவுசரோடு மூத்திரம் போய், கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு ஓடுகிறான்.

"அது அருள்பாண்டி," என்றார் மாஸ்டர்.

"கெடா வெட்டைப் பாத்தே வளர்ற ஊரு. மத்த பிள்ளைக ஐஸ் சப்பிக்கிட்டு நிக்குதுக. இவன் மட்டும் ஏன் ஓடுறான்? அவன் கெடாவையே பாக்கல. அப்பன் கையைப் பாக்குறான். அந்தக் கை தூக்குனா என்ன நடக்கும்னு அவனுக்கு முன்னாலயே தெரிஞ்சிருக்கு."

அதே நேரம் சிவரஞ்சனி உள்ளே வந்தாள். கையில் செல்போன்.

"மாமாட்ட பேசிட்டேன். நான் பாக்கல, விட்டுருங்கன்னு சொன்னேன். டேப்பைப் பாத்தேன்னும் சொன்னேன். அழுதுட்டாரு. 'உங்கம்மா செத்த பழைய ஸ்டோர்லதான் உங்கப்பன் அகப்பட்டான். நீயே வந்து சொல்லும்மா, விட்டுருவோம். அந்த டேப்பையும் கொண்டா'ன்னாரு."

மகாராணி அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "யாரைக் கேட்டு ஆத்தா போன் போட்ட?"

"அவரைக் காப்பாத்தணும்ல!"

"டேப்பை எதுக்குக் கேக்குறான்? உன்னையும் எதுக்கு அங்க கூப்பிடுறான்? உங்கப்பன் உன்னைய வெட்டுனான், நாங்க அவனை வெட்டுனோம்னு கதையை முடிச்சிருவான். கற்பகத்தைக் கொன்னவன் உங்க மாமன்."

அவள் வேனில் போய் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தாள். "நீ போனாத்தான் உங்கப்பன் அது வரைக்குமாவது உசுரோட இருப்பாரு. தெரிஞ்சுதான் வர்றியா?" என்று அக்கா கேட்டதற்குத் தலையை மட்டும் ஆட்டினாள். கேசட்டை மாஸ்டரிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு வளைகாப்புக் கேசட்டை எடுத்துக்கொண்டோம்.

பதினேழு கொண்டை ஊசி வளைவையும் அக்கா பிரேக்கே பிடிக்காமல் ஏறினார். நான் எனக்குத் தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டேன். மெட்டு செக்போஸ்ட்டில் அக்கா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கொலை நடக்கப் போகுது, பழைய ஸ்டோர், வெரசா வாங்க!" என்று கத்தினார். நான் செல்போனில் ரெக்கார்டை ஓடவிட்டு, கேமரா கண்ணாடி வெளியே தெரிய சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஏலத்தோட்டத்துக்கு நடுவே கூரை பாதி போன கல் கட்டடம். வாசலில் அருள்பாண்டியின் கூட்டாளி கார்த்தி இரும்புக் குழாயோடு நின்றான். வணக்கம் சொல்வதற்குள் அது என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. அடுத்த அடி என் மண்டைக்கு வந்தபோது மகாராணி அக்கா ஜாக்கிக் கம்பியால் அவன் முழங்காலில் போட்டார். விழுந்தவனின் மூக்கில் இன்னொன்று. அவன் எழவில்லை.

உள்ளே சுவரோரம் ஓடும் பழைய புகைக் குழாயில் காசிமாயனைக் கட்டிப் போட்டிருந்தார்கள். முகம் வீங்கி ஒரு கண் மூடியிருந்தது. வெட்டுப்பட்ட கையிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மகளைப் பார்த்ததும், "ஏன் பாப்பா வந்த? போயிரு," என்று குழறினார். அருள்பாண்டி அவர் தலைமாட்டில் நின்றான். விறகுக் கட்டை மேல் வெள்ளை வேட்டியில் பாண்டித்துரை.

"டேப்பு?"

சிவரஞ்சனி நீட்டினாள். அவர் அதைத் தரையில் போட்டு மிதித்து நொறுக்கினார். யாரோ ஒரு புண்ணியவதியின் வளைகாப்பு அத்தோடு முடிந்தது.

"வந்து சொன்னா விட்டுருவேன்னீங்களே மாமா," என்றாள் அவள்.

"தங்கமா வளத்தேனேடி உன்னைய. சோறு போட்டேன், படிக்க வச்சேன். நான் சொன்னதை நம்பிக்கிட்டுக் கெடந்திருக்கலாம்ல?" பாண்டித்துரை அரிவாளை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

அருள்பாண்டி குழம்பினான். "எப்பா, இவ எதுக்கு? இவ நம்ம பிள்ளப்பா."

"அருளு!" என்று அக்கா அதட்டினார். "கெடா வெட்டுன்னா ஏன்டா ஊரை விட்டு ஓடுற?"

"என்னத்தடி ஒளர்ற?"

"ஆறு வயசுல டவுசரோட ஓடுனியே, யாரு கையைப் பாத்து ஓடுன? கெடாவையா பாத்த? உங்கப்பன் கையைப் பாரு இப்ப."

பாண்டித்துரை அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. இடது கையால் சிவரஞ்சனியின் கொண்டையைப் பிடித்துத் தலையைத் தாழ்த்தினார். அவள் திமிறினாள். காசிமாயன் கயிற்றை அறுத்துக்கொள்ளப் பார்த்துக் கத்தினார். நான் எழப் பார்த்து, தோள் வலியில் மறுபடி விழுந்தேன். வலது கை அரிவாளோடு மேலே போனது.

"அத்தைய அடிக்காதப்பா!"

முப்பத்து மூன்று வயசு ரவுடியின் வாயிலிருந்துதான் அந்தக் கீச்சுக் குரல் வந்தது. அருள்பாண்டியின் கண் எங்கேயோ நிலைகுத்தியிருந்தது.

"அத்தை பாவம்ப்பா. அடிக்காதப்பா."

"வாயை மூடுறா நாயே!" பாண்டித்துரை திரும்பாமலே கத்தினார். "அன்னைக்கே ஜீப்பை விட்டு எறங்காதன்னு சொன்னனா இல்லயா? எறங்கி வந்து பாத்துட்டு ஏழு நாள் காய்ச்சல்ல கெடந்த! மறந்து தொலைஞ்சுட்டன்னு பாத்தா..."

அவரே நிறுத்திக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். என் சட்டைப் பையும் கேட்டுவிட்டது.

அருள்பாண்டி நாலு எட்டில் வந்தான். அப்பன் திரும்புவதற்குள் அவன் அரிவாள் இறங்கிவிட்டது. பாண்டித்துரையின் அரிவாள் தரையில் விழுந்தது. அதன் பிடியோடு மூன்று விரல்களும் விழுந்தன. அவர் கையைப் பார்த்தார், பிறகு அலறினார். அருள்பாண்டி மறுபடி ஓங்கினான், இந்த முறை கழுத்துக்கு. மகாராணி அக்கா பாய்ந்து அவன் இடுப்பைக் கட்டி, விறகுக் குவியல் மேல் தள்ளி, அவன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"போதும்டா. அவன் உசுரோட நின்னு பதில் சொல்லணும்."

அருள்பாண்டி அவருக்கு அடியில் கிடந்து தேம்பினான். "அத்தை எனக்கு முட்டாய் குடுத்துச்சு. குடுத்துட்டுத்தான் உள்ள போச்சு," என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். இருபத்தெட்டு வருஷம் அவனுக்குள் புதைந்து கிடந்தது, ஒரு நிமிஷத்தில் மொத்தமாக வந்துவிட்டது.

பாண்டித்துரை ரத்தத்தில் உட்கார்ந்துகொண்டு, "எங்கப்பன் நெலத்துல பொட்டச்சிக்குப் பங்கா?" என்று பல்லைக் கடித்தார். அதற்காகத்தான் கூடப் பிறந்தவளை வெட்டியிருக்கிறான். அன்றைக்கு வெளியே விறகு பிளந்துகொண்டிருந்த காசிமாயன் ஓடி வந்து, பிணத்திலிருந்து அரிவாளைப் பிடுங்கிய நேரம் பார்த்துத்தான் ஊர் கூடியது. மிச்சத்தைப் பாண்டித்துரை, காது குத்தின பிள்ளையை வைத்து முடித்துக்கொண்டான்.

செக்போஸ்ட் போலீஸ் வந்தது. விலங்கு மாட்டினார்கள். என் போனை ஒரு எஸ்.ஐ. இரண்டு தடவை போட்டுக் கேட்டார்.

சிவரஞ்சனி யாரையும் கவனிக்கவில்லை. துப்பட்டாவைக் கிழித்து, அப்பாவின் கையில் சுற்றி, நர்ஸ் கை அல்லவா, ரத்தம் நிற்கிற இடம் பார்த்து அழுத்திக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது.

"நான்தான் உங்கள உள்ள தள்ளினேன்," என்றாள்.

"அஞ்சு வயசுப் பிள்ளைக்கு என்னத்தா தெரியும்?" என்றார் அவர்.

"எனக்கு அம்மான்னா அந்த ஒரு காட்சிதான் இருந்துச்சு. அதுவும் இப்ப அவங்க இல்லன்னு ஆகிப்போச்சு. மூஞ்சி, குரல், எதுவுமே இல்ல."

காசிமாயனின் மூடாத கண்ணில் தண்ணீர் திரண்டது. கற்பகத்தைப் பற்றிச் சொன்னால் கேட்க ஆளில்லாமல் இருபத்தெட்டு வருஷம் மனசில் வைத்திருந்தவர்.

"நான் சொல்றேன் பாப்பா. உங்கம்மா உன்னையக் குளிப்பாட்டும்போது..."

அவள் ரத்தக் கையால் அவர் வாயைப் பொத்தினாள்.

"வேண்டாம்ப்பா. நீங்க சொன்னா, நாளைக்கு நானே பாத்த மாதிரி ஆயிரும். அப்படி இன்னொண்ணு எனக்கு வேண்டாம்."

அவர் தலையை ஆட்டினார். ஜீப் வரும் வரைக்கும் அவள் அவர் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார்.